ரெக்கார்டில் ஒரே ஒரு கத்தல்

என் தங்கை அன்புச்செல்வியின் இடது கை இரண்டு தடவை ஒடிந்திருக்கிறது. முதல் தடவை 2013 ஆடி மாதம், முழங்கைக்கு நான்கு அங்குலம் கீழே. இரண்டாவது தடவை 2016 தை மாதம், மணிக்கட்டில். இரண்டையும் ஒடித்தவன் அவள் புருஷன் கலையரசன். ஆஸ்பத்திரிச் சீட்டில் இரண்டுக்கும் "வழுக்கி விழுந்தது" என்று இருக்கிறது. அப்படிச் சொல்லச் சொன்னது அவள் அக்காவான நான்தான்.

என் பெயர் கஸ்தூரி. அவளைவிட நான்கு வயது மூத்தவள். எட்டாவதோடு நின்று தையல் கற்றுக்கொண்டேன். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எனக்கு ஒரு தையல் கடை. அங்கிருந்து இருநூற்று நாற்பது எட்டு எடுத்து வைத்தால் மைக் செட் கடை. கலையரசனின் அப்பா வைத்த கடை அது. செல்வி அந்தக் கடைக்குத்தான் வாழ்க்கைப்பட்டாள்.

அவளுக்கு யாரும் தொழில் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் கம்பத்தில் ஏறி ஸ்பீக்கர் குழாய் கட்டும்போது கீழே ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்று அவளாகக் கற்றுக்கொண்டாள். எந்த ஒயர் எந்தக் குழாய்க்குப் போகிறது, எங்கே ஈரம் இறங்கினால் இரைச்சல் வரும், எல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. அவனுக்கு அது பிடிக்கவில்லை. கல்யாணப் பந்தலில் மைக் ஊளையிட்டால் அன்றைக்கு அவளுக்கு அடி விழும். ஊளை எங்கிருந்து வருகிறது என்று அவள் சரியாகக் காட்டிவிட்டால் இன்னும் ஜாஸ்தி விழும்.

2017 ஆவணியில் வேங்கிக்காலில் ஒரு காதுகுத்து. தாய்மாமனை மேடைக்குக் கூப்பிடும் நேரம் பார்த்து மைக் செத்துப்போயிற்று. பந்தலில் எல்லார் முன்னாலும் அவள் கன்னத்தில் அறைந்தான். பந்தலில் அறைந்தால் அது பாதிதான், மீதி கடையில் என்பது அவன் வழக்கம். கடைக்கு வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மைக் ஸ்டாண்டை எடுத்தான். கடையில் இன்னொரு ஸ்டாண்டும் இருந்தது. அடியில் வட்ட இரும்புத் தகடு வைத்தது, நான்கு கிலோ. செல்வி அதைத் தலைகீழாகத் தூக்கி அவன் வலது முட்டியில் இறக்கினாள். தேங்காய் உடைகிற மாதிரி சத்தம் கேட்டது என்று அவளே சொன்னாள்.

அவன் தரையில் புரண்டுகொண்டிருந்தபோது நான் போய்ச் சேர்ந்தேன். அவள் ஸ்டாண்டைத் துடைத்து மூலையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரில வழுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லுய்யா. எப்புடி சொல்றதுன்னு தெரியலன்னா எங்க அக்காவ கேளு, நல்லா சொல்லிக் குடுக்கும்."

அந்தப் பேச்சு எனக்கும் சேர்த்துத்தான். வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கோல் ஊன்றி நடந்தவன் ஒருநாள் ஆம்பூர் பக்கம் வேலை என்று போனான். திரும்பி வரவில்லை. கடையில் அவன் விட்டுப்போனது இரண்டு பழைய குழாய்கள், ஒரு ஆம்ப்ளிபயர், அவன் அப்பா காலத்து ரெக்கார்டு பிளேயர் ஒன்று. அதைத் தட்டு மிஷின் என்போம். அது சுற்றி இருபது வருஷம் ஆகியிருந்தது.

அந்த வருஷம் கார்த்திகை தீபம் முடிந்த வாரம், ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் வாடகைக்கு இருந்த ஒரு அமெரிக்க அம்மா செல்வியைக் கூப்பிட்டு அனுப்பினார். பெயர் ஐரீன். எழுபத்திரண்டு வயது. நம்மைவிடக் கறுப்பு, முடி பஞ்சுமிட்டாய் மாதிரி வெள்ளையாக இருக்கும். ஊரிலிருந்து ஒரே ஒரு ரெக்கார்டைத் துணிக்குள் சுருட்டி எடுத்து வந்திருந்தார், போட்டுக் கேட்கத்தான் மிஷின் இல்லை. செல்வி தட்டு மிஷினைத் துடைத்து எடுத்துப் போனாள். அதன் ரப்பர் பெல்ட் இற்றுப் போயிருந்தது. என் கடையிலிருந்து பாவாடைக்குப் போடும் எலாஸ்டிக் பதினேழு அங்குலம் வெட்டிக் கொடுத்தேன். தைத்து மாட்டினோம். ஒரு நூல் மெதுவாகச் சுற்றியது, ஆனாலும் சுற்றியது.

அன்று நானும் கூடப் போயிருந்தேன். அட்டையில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண், தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து. பெயர் வெர்னெல் ஹாட்லி என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். 1969-ல் போட்டது. முதல் பக்கத்தில் ஆறு பாட்டு, இரண்டாவது பக்கத்தில் ஐந்து. மாதா கோயிலில் பாடிக்கொண்டிருந்த பெண்ணாம். வார்த்தை ஒன்றும் எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் யாரிடமோ கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அந்த ஆள் பதில் சொல்லாமல் நிற்கிறான் என்பது மட்டும் புரிந்தது.

இரண்டாவது பக்கத்தில் மூன்றாவது பாட்டு. நடுவில் ஒரு இடத்தில் மேளம், கிட்டார், ஊதுகுழல் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். நான்கு விநாடி ஒன்றும் இருக்காது. பிறகு அவள் ஒரு கத்து கத்துவாள். வயிற்றைக் கிழித்துக்கொண்டு வருகிற கத்தல். ஏழு விநாடி. அப்புறம் மேளம் பயந்துபோன மாதிரி மெதுவாக வந்து சேர்ந்துகொள்ளும்.

ஐரீன் அம்மா செல்வியின் மணிக்கட்டு வளைந்திருப்பதைத் தொட்டுப் பார்த்தார். அந்தப் பாட்டைப் பதிவு செய்த காலையில் வெர்னெலை அவள் புருஷன் அடித்திருந்தான், வீங்கின தாடையோடு வந்துதான் பாடினாள் என்று சைகையும் எளிய இங்கிலீஷுமாகச் சொன்னார். அது உண்மையா என்று விசாரிக்க எனக்கு வழியில்லை. அவர் சொன்னதைச் சொல்கிறேன்.

"ஸ்டாண்டு இல்லியா அங்க?" என்று செல்வி தமிழில் கேட்டாள். ஐரீன் அம்மாவுக்குப் புரியவில்லை. நான் சிரித்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்பும்போது அவர் அந்த ரெக்கார்டைச் செல்விக்கே கொடுத்துவிட்டார்.

செல்வி அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை, வேலைக்குப் போட்டாள். பௌர்ணமிக்கு அன்னதானப் பந்தல்காரர்களும், காணாமல் போனவர்களை அறிவிக்கும் கொட்டகையும் அவளிடம்தான் செட் எடுப்பார்கள். ஒரு கிலோமீட்டருக்குப் பதினான்கு குழாய். முதல் நாள் மதியம் மூன்று மணிக்குச் சோதனை. மற்றவர்கள் "ஹலோ, ஒன், டூ, த்ரீ" சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். செல்வி இரண்டாவது பக்கத்தை முழுக்க ஓடவிடுவாள். அந்த நான்கு விநாடி நிசப்தத்தில் எந்தக் குழாய் இரைகிறது என்று தெரியும். அந்தக் கத்தலில் எந்தக் குழாயின் தகடு கிழிந்திருக்கிறது என்று தெரியும். கூடவே மைக்கையும் கால் பங்கு திறந்து வைப்பாள். பாட்டும் மைக்கும் சேரும்போதுதான் ஊளை எங்கிருந்து வருகிறது என்று பிடிபடும். கால் பங்கு என்றால் சாதாரணப் பேச்சு ஏறாது. கத்தினால் ஏறும்.

ஆறு வருஷத்தில் அது ஊருக்குப் பழகிவிட்டது. கத்துற அம்மா ரெக்கார்டு என்பார்கள். டீக்கடை அர்ஜுனன் அண்ணன், "கத்துற அம்மா வந்துடுச்சி, பால அடுப்புல வையி" என்பார். பூக்கடை ஜோதியம்மாள் அந்தக் கத்தல் வரும்போது மட்டும் காதைப் பொத்திக்கொண்டு, "யாரு பெத்த புள்ளயோ, இந்த ஜென்மத்துல ஒரு நல்லது நடக்கல போல" என்பாள். செல்வி இரண்டு குழாயைப் பதினாறு ஆக்கினாள், ஆம்ப்ளிபயரை மூன்று ஆக்கினாள். கம்பத்தில் அவளே ஏறுவாள். சுடிதாருக்கு மேலே போட்டுக்கொள்ள எட்டுப் பை வைத்த காக்கிச் சட்டை ஒன்று தைத்துக் கொடுத்தேன். மாவட்டத்தில் அப்படிச் சட்டை வேறு யாரிடமும் இல்லை.

2024 சித்ரா பௌர்ணமிக்கு முதல் நாள், திங்கட்கிழமை. மூன்று மணிக்குச் சோதனை ஆரம்பித்தது. நான் ஒரு ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாட்டு வந்தது. மேளம் நின்றது. நான்கு விநாடி. கத்தல். மேளம் மெதுவாகச் சேர்ந்தது. ரெக்கார்டில் உள்ளது அவ்வளவுதான், அதற்குப்பிறகு எந்தப் பாட்டிலும் கத்தல் கிடையாது.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பாட்டுக்கு நடுவே இன்னொரு கத்தல் வந்தது.

கத்திரிக்கோலோடு எழுந்து ஓடினேன். வழியில் ஏழு கடை. அர்ஜுனன் அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே, "இன்னிக்கி அந்தம்மா ரெண்டு வாட்டி கத்துது பாரு, ஆபர் போல" என்று யாரிடமோ சொல்லிச் சிரித்தார். பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஜோதியம்மாள் காதைப் பொத்தியிருந்தாள். நான் பூக்கடையைத் தாண்டும்போது மூன்றாவது கத்தல் வந்தது. பதினான்கு குழாயிலும் என் தங்கை கத்தினாள். பிறகு ஊசி கீறுகிற சத்தம், எதுவோ உடைகிற சத்தம். அத்தோடு பாட்டு நின்றது.

கடைக்கு முன்னால் ஒரு லோடு ஆட்டோ பின்பக்கம் திறந்து நின்றது. டிரைவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி, "குடும்ப விசயம்க்கா, உள்ள போவாத" என்றான். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன்.

கலையரசன் வந்திருந்தான். ஆறரை வருஷத்துக்குப் பிறகு, செட்டை ஏற்றிக்கொண்டு போக. அதற்கு முன் நடந்ததைப் பிற்பாடு செல்வி சொன்னாள்.

"எங்கப்பன் செட்டு. நவுரு."

"உங்கப்பன் வச்சிட்டுப் போனது அந்த ரெண்டு கொழாயும் ஒரு ஆம்ப்ளிபயரும் தட்டு மிஷினும். தூக்கிக்கினு போ. மீதி மேல கைய வச்ச, இன்னொரு முட்டியும் கீது உனுக்கு."

அவன் அந்த இடது கையைத்தான் பிடித்தான். மணிக்கட்டில் ஒடிந்த இடம் அவனுக்குத் தெரியும், அங்கேயே முறுக்கினான். அதுதான் இரண்டாவது கத்தல். அவளை வயிற்றில் உதைத்தபோது மூன்றாவது. சுற்றிக்கொண்டிருந்த ரெக்கார்டை உருவி அவள் மண்டையில் அடித்தான். அது மூன்று துண்டாயிற்று. ஒரு துண்டு அவள் கைக்குக் கிடைத்தது. அதன் முனை கத்தியைப்போல இருந்தது. காதிலிருந்து உதடு வரைக்கும் அவன் கன்னத்தைக் கிழித்துவிட்டாள். போலீஸ் சீட்டில் பதினொரு சென்டிமீட்டர் என்று இருக்கிறது.

நான் பார்த்தபோது அவள் குப்புறக் கிடந்தாள். அவன் முட்டியை அவள் முதுகில் ஊன்றி, மைக் ஒயரைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தான். அவன் கன்னத்து ரத்தம் அவள் தலைமுடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் வலது கையின் இரண்டு விரல் ஒயருக்கும் கழுத்துக்கும் நடுவில் மாட்டியிருந்தது. அந்த இரண்டு விரல்தான் அவளை உயிரோடு வைத்திருந்தது. முகம் கறுத்து, கண் வெளியே வந்திருந்தது. கால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் சத்தம் போடவில்லை. போட முடியாது.

கத்திரிக்கோலை அவன் தொடையில் இறக்கினேன். ஒன்றரை அங்குலம். இது என் வாக்குமூலத்திலும் இருக்கிறது. ஒயர் தளர்ந்தது.

அப்புறம் செய்ததெல்லாம் அவள்தான். புரண்டு எழுந்தாள். மேஜைக்கு அடியில் குழாயிலிருந்து கழற்றிய காந்த யூனிட் ஒன்று கிடந்தது, இரண்டு கையாலும் தூக்கினாள். அவன் தரையில் ஊன்றியிருந்த வலது கைமேல் போட்டாள். தூக்கி மறுபடியும் போட்டாள். மூன்றாவது தடவை தூக்கியபோது நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் உடம்பு அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி கொதித்தது. தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது.

ஷட்டருக்கு அடியில் ஒரு தலை குனிந்தது. அர்ஜுனன் அண்ணன்.

"இன்னாம்மா, பாட்டு நின்னுடுச்சே? கரண்டு பூடுச்சா?"

கத்தலுக்கு யாரும் வரவில்லை. பாட்டு நின்றதற்கு வந்தார்கள்.

கழுத்துக்குள் எலும்பு விரிசல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்கக்கூடாது. இந்தத் தடவை சீட்டு எழுதும்போது டாக்டர் என்னைப் பார்த்து எப்படி நடந்தது என்று கேட்டார். முழுக்கச் சொன்னேன். பழைய இரண்டையும் சேர்த்துச் சொன்னேன்.

கலையரசன் ஆஸ்பத்திரியிலிருந்து ஜெயிலுக்குப் போனான். ஒரு மாதம் கழித்து அவன் பக்கத்து ஆட்கள் நான்கு பேர் சமாதானம் பேச வந்தார்கள். கேஸை வாபஸ் வாங்கினால் அவனும் என்மேல் கொடுத்த கேஸை வாங்கிக்கொள்வானாம். ஊர்க்காரர்களும் கூட வந்து உட்கார்ந்தார்கள்.

"நாங்க வராமயா இருப்போம்? அந்த ரெக்காடுன்னு நெனச்சிக்கினோம்மா, சத்தியமா" என்றார் அர்ஜுனன் அண்ணன். ஜோதியம்மாள் கற்பூரம் அணைக்கிறேன் என்றாள்.

செல்வி பள்ளிக்கூடச் சிலேட்டில் எழுதி என்னிடம் நீட்டினாள். நான் படித்தேன். "ரெக்கார்டுல ஒரு தரம்தான். ஆறு வருசம் கேட்டீங்களே."

அர்ஜுனன் அண்ணன் உண்மையாகவே அப்படி நினைத்தார் என்பது என் எண்ணம். பெஞ்சில் சிரித்தவர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும் என்பதும் என் எண்ணம். யார் யார் என்று பிரித்துச் சொல்ல என்னிடம் அளவுகோல் இல்லை. செல்வி சிலேட்டை வாங்கித் துடைத்து, அவன் ஆட்களுக்கென்று இன்னொரு வரி எழுதினாள். "என் அக்கா ஜெயிலுக்குப் போனாலும் சோறு கொண்டு போவேன். வாபஸ் கிடையாது." என் பெயர் இன்னும் அந்தக் கேஸில்தான் இருக்கிறது. வாய்தாவுக்குப் போய் வருகிறோம்.

வைகாசிப் பௌர்ணமிக்கு அவள் படுக்கையில் இருந்தாள். ஆனிப் பௌர்ணமிக்குச் செட் கட்ட எழுந்துவிட்டாள். கம்பத்தில் ஒரு கையால் ஏறினாள். குரல் வந்திருந்தது, பழைய குரல் இல்லை. மணலைச் சலிக்கிற மாதிரி ஒரு குரல்.

முதல் நாள் மதியம். சோதனைக்கு ரெக்கார்டு இல்லை. மூன்று துண்டும் கோர்ட்டில் சீல் வைத்த பையில் இருக்கிறது. அட்டை மட்டும் கடைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது.

"போன்ல கீதும்மே அந்தப் பாட்டு, எங்க பையன் எடுத்துக் காட்டுனான்" என்றார் அர்ஜுனன் அண்ணன். முன்னைவிட மரியாதையாகப் பேசினார்.

"கேட்டண்ணா. அது வேலைக்கி ஆவாது. அதுல ஏத்துனவன் இரைச்சல எல்லாம் வழிச்சி எடுத்துட்டான்" என்றாள் செல்வி.

அவர் கடைக்குத் திரும்பிப் போனார். மூன்று மணி. நான் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் ஆம்ப்ளிபயரைப் போட்டாள். மைக்கைக் கால் பங்கு இல்லை, முழுக்கத் திறந்தாள். நான்கு விநாடி சும்மா நின்றாள். தலையைச் சாய்த்து ஒவ்வொரு குழாயாகக் கேட்டாள். பிறகு கழுத்தைத் தன் கையாலேயே பிடித்துக்கொண்டு ஒரு கத்து கத்தினாள்.

என் தங்கை பாட்டுப் படித்தவள் இல்லை. ஆனால் அந்தக் கத்தல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. நடுவில் குரல் கிழிந்தது, அவள் நிறுத்தவில்லை. கிழிந்த இடத்திலிருந்தே மேலே ஏறினாள். வெர்னெல் அம்மா ஏழு விநாடி. செல்வி ஒன்பது.

முதலில் வந்தவர் அர்ஜுனன் அண்ணன், டீ வடிகட்டியோடு. பின்னாலேயே ஜோதியம்மாள், பூக்கட்டும் நார் காலில் சிக்க. ஏழு கடையிலிருந்தும் வந்தார்கள், பெஞ்சில் இருந்தவர்களும் வந்தார்கள். ஒருவன் உலக்கைத் தடி வைத்திருந்தான். மொத்தம் பதினான்கு பேர். முதல் ஆள் வந்து சேர முப்பத்தெட்டு விநாடி ஆயிற்று. கடிகாரம் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

செல்வி மைக்கில் சொன்னாள்: "டெஸ்டிங். ஒம்பதாவது கொழா மட்டும் கரகரங்குது. போங்க, போயி டீய ஆத்துங்க."

அர்ஜுனன் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. மாரைப் பிடித்துக்கொண்டார். "உயிரே போயிடுச்சிம்மே. மாசாமாசம் இப்புடித்தான் கத்துவியா?"

"ஆமாண்ணா."

"அப்ப எது டெஸ்டிங், எது நெசம்னு எங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"தெரியாது" என்றாள் செல்வி, ஒன்பதாவது குழாயின் ஒயரைக் கழற்றிக்கொண்டே. "வந்துதான் பாக்கணும்."